தேறக் கூடாதவன்

கோதண்டத்துக்கு மண்டையில் அடிபட்டு இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. ஆனால் புதிதாகப் பார்க்கிறவர்கள் இந்த ஆளுக்கு ஒன்றுமில்லை என்றுதான் சொல்வார்கள். கை கால் எல்லாம் நன்றாக இருந்தது. இடது காதுக்கு மேலே முடி முளைக்காத ஒரு கோடு, தலையை அழுத்தி வாரிவிட்டால் அதுவும் தெரியாது. சேரப்பணஞ்சேரியில் வீட்டு வாசலில், இஸ்திரி போட்ட சட்டையோடு நிற்கும்போது ஷிஃப்ட் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரியே இருப்பான். அவன் நிற்பதும் அதற்குத்தான்.

"இன்னா எழிலு, பஸ்ஸ காணோம்?"

"இன்னிக்கி லீவுய்யா."

"அப்டியா? சூப்பர்வைசரு ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் கேட்பான். எழிலரசி மறுபடியும் அதே பதிலைச் சொல்வாள். முதல் வருஷம் அவளுக்கு அழுகை வந்தது, இரண்டாம் வருஷம் எரிச்சல் வந்தது. இப்போது இரண்டும் இல்லை. அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே சொல்லிவிடுவாள்.

ஒரகடத்தில் கார் உதிரி பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில், பிரஸ் ஷாப்பில் பன்னிரண்டு வருஷம் காண்ட்ராக்டில் வேலை பார்த்தவன் கோதண்டம். தகடு அடிக்கிற அச்சுக்கு டை என்று பெயர். அதை மெஷினில் ஏற்றிப் பொருத்துகிற டை செட்டர் அவன். ஒரு புரட்டாசி மாசம் காலை ஷிஃப்ட் முடித்துப் பைக்கில் வந்தவனை, கார்களை அடுக்கி ஏற்றிக்கொண்டு திரும்பிய டிரெய்லர் லாரியின் வால் பக்கம் அடித்துத் தள்ளியது. பத்தொன்பது நாள் கண் திறக்கவில்லை. திறந்தபோது, "மூளையோட முன்பக்கம் அடிபட்டிருக்கும்மா. பழசெல்லாம் இருக்கும், புதுசு தங்காது. கோபத்துக்கு பிரேக் இருக்காது. மூக்குல வாசனையும் வராது. ஆனா உயிர் இருக்கு" என்றார் டாக்டர். அவர் சொன்ன அத்தனையும் ஒவ்வொன்றாக நடந்தது. கேஸ் கசிந்து வீடெல்லாம் நாறிய ஒருநாள், அவன் அடுப்புக்கு முன்னாலேயே உட்கார்ந்து நெருப்புப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்து அன்றைக்கு மகள் கனிஷ்கா சீக்கிரம் வந்தது தெய்வச் செயல்.

எழிலரசி ஒரு பெரிய கம்பெனியின் கேன்டீனில் வேலைக்குப் போனாள். விடியற்காலை ஐந்தரைக்கு உள்ளே நுழைந்தால் முதலில் வெங்காயம், பிறகு முட்டைக்கோஸ், அதற்குப் பிறகு ஆயிரத்து நானூறு பேருக்கான சாம்பார் கொதிக்கிற அண்டாக்களின் ஆவி. மதியம் இரண்டு மணிக்கு வெளியே வரும்போது சட்டை, முடி, மூச்சு எல்லாம் வெங்காயமாக இருக்கும். எட்டே காலுக்கு கனிஷ்கா பள்ளிக்கூடம் போன பிறகு எழிலரசி திரும்புகிற வரைக்கும் கோதண்டம் டி.வி. முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பான். எதிர்வீட்டு யாக்கோபு, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கும் ஒரகடத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், நடுவில் சாப்பிட வரும்போது ஒரு தடவை எட்டிப் பார்ப்பான். "இன்னா மச்சான், துன்னியா?" என்பான். "துன்னனே" என்பான் கோதண்டம். மூடி வைத்த சோறு மூடியபடியே இருக்கும். யாக்கோபு தட்டில் போட்டுக் கையில் கொடுத்துவிட்டுப் போவான்.

ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த பெண் ஒருத்தி எழிலரசியிடம் ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். "ஒரே வேலைய, ஒரே நேரத்துல, ஒரே மாதிரி தினமும் செய்ய வைங்கக்கா. மனசு மறந்தாலும் உடம்பு கத்துக்கும்." அந்தப் பெண் அதற்குப் பிறகு வேறு ஊருக்குப் போய்விட்டாள். எழிலரசி அந்த வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

வீட்டிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர், டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தண்ணீர் டேங்க், டேங்கைத் தாண்டினால் பாப்பம்மாள் கடை. ஐப்பசியில் ஆரம்பித்தாள். நாலு மணி ஆனால் மஞ்சள் பையை எடுத்து அவன் கையில் கொடுப்பாள். முதல் மாசம் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். இரண்டாம் மாசம் பக்கத்தில். மழையில் தெரு முழங்கால் சேறாக இருந்தபோதும் விடவில்லை. பிறகு நாலடி பின்னால், அதற்கும் பிறகு டேங்க் வரைக்கும் மட்டும். சட்டைப் பையில் துண்டுச் சீட்டு: பால் அரை லிட்டர், வெங்காயம் அரை கிலோ. எத்தனையோ நாள் டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் நின்று, எங்கே போகிறோம் என்று தெரியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருநாள் மெயின் ரோட்டுக்கே போய்விட்டான். அன்றைக்கு அவள் ஓடிய ஓட்டத்தில் செருப்பு அறுந்தது.

பங்குனியில் ஒருநாள் அவன் நேராகப் போனான். சீட்டை எடுத்துப் பாப்பம்மாளிடம் நீட்டினான். பாலை வாங்கினான், வெங்காயத்தை வாங்கினான், மீதிச் சில்லறைக்குக் கையை நீட்டினான். டேங்கின் மறைவில் நின்றுகொண்டு எழிலரசி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் திரும்பி வரும்போது வேறு சந்து வழியாக ஓடி, அவனுக்கு முன்னால் வீட்டுக்குள் நுழைந்து, ஒன்றும் தெரியாதவள் போல முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இந்தா," என்று பையை வைத்தான் கோதண்டம். "பாப்பம்மா வெங்காயம் நல்லாவே இல்ல. அயுவிப் போனத போட்டுக்கீது."

அவனாகக் கவனித்து ஒன்றைச் சொல்லி எத்தனை நாளாயிற்று! அழுகிய வெங்காயத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழிலரசி சிரித்தாள். அன்றைக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். வாசனை தெரியாவிட்டாலும் அவன் மூன்று தரம் சோறு கேட்டான்.

சித்திரையில் வக்கீல் வசுதாவைப் பார்க்கப் போனபோது, முதல் வேலையாக இந்தச் சேதியைத்தான் சொன்னாள். ஸ்ரீபெரும்புதூர் கோவில் தெரு ஒன்றில், வீட்டு முன்னறையிலேயே ஆபீஸ் வைத்திருந்தாள் வசுதா. விபத்து நஷ்டஈட்டு மனு போட்டது அவள்தான். கோதண்டத்தால் தனக்காகப் பேச முடியாது என்பதால் அவன் சார்பாக மனைவி எழிலரசி தாக்கல் செய்த மனு. வசுதா பேனாவைக் கீழே வைத்தாள்.

"தனியாவா போறார்?"

"ஆமா மேடம். நான் பின்னாடி நிப்பேன். ஆனா அவுருக்குத் தெரியாது."

"எழிலரசி, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்கக் கூடாது. நீங்க செஞ்சது ரொம்பப் பெரிய காரியம். ஆனா இப்ப வேண்டாம்."

"எது மேடம்?"

"கடைக்கு அனுப்பறது. நாம மனுவுல என்ன சொல்லியிருக்கோம்? இவரால தனியா ஒண்ணும் செய்ய முடியாது, ஆயுசுக்கும் கூட ஒரு ஆள் வேணும்னு. நிஜம்தானே அது?"

"நெஜந்தான்."

"கடைக்குப் போய் சில்லறை வாங்கற ஆளைப் பார்த்தா இன்ஷூரன்ஸ்காரங்க என்ன சொல்லுவாங்க? ஆள் நல்லாத்தான் இருக்கார்னுதானே?"

"கடைக்குத்தான் மேடம் போறாரு. அதுக்கே அஞ்சு மாசம் ஆச்சி."

"எனக்குத் தெரியும்மா. கோர்ட்டுக்குத் தெரியாதே! கை போச்சுன்னா தூக்கிக் காட்டலாம், கால் போச்சுன்னா காட்டலாம். இதை எப்படிக் காட்டறது? பார்க்கறவங்க கண்ணுக்கு அவர் முழு ஆளா தெரியறார். அதுதான் நம்ம கேஸுல பெரிய கஷ்டமே." கொஞ்சம் தயங்கி, "சாட்சி முடியற வரைக்கும்தான். வெளியில அதிகம் நடமாட விடாதீங்க. ஒரு ரெண்டு மாசம்" என்றாள்.

திரும்பி வரும்போது யாக்கோபு ஆட்டோவில் அவள் மட்டும்தான் இருந்தாள். வல்லம் தாண்டியதும் திடீரென்று கேட்டாள்.

"ஏண்ணா, தேறுனா கேஸு பூடும். தேறலன்னா மனுசன் பூடுவான். இன்னாண்ணா நாயம் இது?"

யாக்கோபு முன்னால் போன கண்டெய்னருக்கு வழி விட்டான். "வக்கீலம்மா சொல்றதுல தப்பு இல்ல தங்கச்சி. நாளைக்கி நீ படுத்துட்டேன்னு வையி. பாப்பாவும் கல்யாணம் ஆயி பூட்ச்சி. அப்ப இவன யாரு பாக்கறது? கடைக்கிப் போயி வெங்காயம் வாங்கத் தெரிஞ்சா மட்டும் போதுமா?"

"அதுக்குன்னு வூட்ல வச்சி பூட்றதா?"

"ரெண்டு மாசந்தான?" என்றான் யாக்கோபு. அதைச் சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை.

கதவுக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாள் வைத்தார்கள். சித்திரை வெயிலில் சிமெண்ட் ஷீட் கூரை தோசைக்கல்லாகக் காய்ந்தது. மின்விசிறி அனலைத்தான் சுற்றியது. எழிலரசி வேலைக்குப் போயிருந்த நேரத்தில் கோதண்டம் என்ன செய்தான் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நாலு மணிக்கு என்ன செய்வான் என்று அவளுக்குத் தெரியும். அவள் பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். அவன் டி.வி.யை விட்டு எழுந்து, ஆணியில் தொங்குகிற மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு கதவிடம் போவான். அந்த நேரத்தில் கதவைத் திறக்க முடியாதபடி வெளியே பூட்டிவிட்டு வரும்படி கனிஷ்காவிடம் சொல்லி வைத்திருந்தாள். பெண் பின்கட்டு வழியாக உள்ளே வந்து அந்தக் கதவுக்கும் பூட்டுப் போட்டுவிடுவாள்.

"எழிலு, கதவு தெறக்கல."

"வெளிய வெயிலுய்யா. அப்பால போலாம்."

"நான் போவணும்."

"எங்க போவணும்?"

அது அவனுக்குத் தெரியாது. பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பான். ஆஸ்பத்திரிப் பெண் சொன்னது சரிதான். உடம்பு கற்றுக்கொண்டிருந்தது. இப்போது அதை மறக்க வைப்பது எப்படி என்று அந்தப் பெண் சொல்லித் தரவில்லை. பையை எடுத்து ஒளித்து வைத்தாள். அவன் வெறுங்கையோடு வந்து நின்றான். ஆனியில் கதவைக் குத்த ஆரம்பித்தான். ஆடி பிறந்த வாரத்தில், "தொற, தொற" என்று கத்திக்கொண்டு தட்டை வீசினான். அது சுவரில் பட்டுத் திரும்பி கனிஷ்காவின் புருவத்துக்கு மேலே கிழித்தது. நாலு தையல்.

மறுநாள் காலை அவள் நெற்றியில் இருந்த துணிக்கட்டைப் பார்த்தான். பதறிப்போய் மகளின் முகத்தை இரண்டு கையிலும் ஏந்தினான்.

"யாரும்மா அட்ச்சது? சொல்லு. எவன்னு சொல்லு, அப்பா அவன உண்டு இல்லன்னு பண்ணிட்றேன்."

"கீய வுயுந்துட்டம்பா," என்றாள் கனிஷ்கா.

இரண்டு மாசம் நாலு மாசமாகி, ஆவணியில்தான் சாட்சிக்கு நாள் வந்தது. கோர்ட்டில் கோதண்டத்தைக் கடைசி பெஞ்சில் யாக்கோபு பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு எழிலரசி கூண்டில் ஏறினாள். இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீல் நம்பிராஜன் வயசானவர். குரலை உயர்த்தாமல் பேசினார். மூன்று போட்டோக்களை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"இதுல இருக்கறது யாரும்மா?"

பாப்பம்மாள் கடை. கையில் மஞ்சள் பை. சில்லறைக்கு நீட்டிய கை. பைக்கில் வந்த யாரோ ஒருவன் சோடா குடித்துக்கொண்டே கோதண்டத்தைப் பற்றி விசாரித்தான் என்று பாப்பம்மாள் பங்குனியில் சொன்னது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது.

"எங்க வூட்டுக்காரரு."

"தனியா கடைக்குப் போறார். பொருள் வாங்கறார். மீதிப் பணம் வாங்கறார். சரிதானே?"

"தனியா இல்ல சார். நான் பின்னாடி இருந்தேன்."

"போட்டோவுல நீங்க இல்லையே?"

"டேங்கு மறவுல நின்னேன். அவுருக்குத் தெரியக் கூடாதுன்னு."

"ஏன் தெரியக் கூடாது?"

"தானா வந்தோம்னு இருக்கட்டுமேன்னுதான் சார்."

நம்பிராஜன் தலையை ஆட்டினார். "அப்ப, சொல்லிக் கொடுத்தா கத்துக்கறார். நாளைக்கு ஒரு வேலையும் கத்துக்கலாம். அவருக்கு எல்லாம் தெரியுது. நீங்கதான் தெரியாதுன்னு சொல்றீங்க."

எழிலரசி வசுதாவைப் பார்த்தாள். வசுதா பேப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு, தான் இவ்வளவு சத்தமாகப் பேசுவோம் என்று அவளே எதிர்பார்க்காத குரலில் சொன்னாள்.

"இல்ல சார். இவுருக்கு ஒண்ணும் தெரியாது. அடுப்புல கேஸு லீக்காவுறது தெரியாது. சோறு துன்னமா இல்லியான்னு தெரியாது. பெத்த பொண்ணு மண்டைய ஒடச்சிட்டு, யாரு அட்ச்சதுன்னு அதுங்கிட்டயே கேக்கறாரு. இவுருக்கு ஒண்ணுமே தெரியாது சார்."

கடைசி பெஞ்சில் கோதண்டம் தலையைக் குனிந்துகொண்டு சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தான்.

நீதிபதி எழிலரசியை இறங்கச் சொல்லிவிட்டு, அவனைக் கூண்டுக்கு வரச் சொன்னார். யாக்கோபு கையைப் பிடித்துக் கூட்டி வந்தான்.

"உங்க பேர் என்னங்க?"

"கோதண்டம் சார். டை செட்டரு."

"டை செட்டர்னா என்ன வேலை?"

கோதண்டம் நிமிர்ந்தான். "பழைய டைய எறக்கணும் சார். மெஷினு பெட்ட தொடைக்கணும். ஒரு தூசி கீதுன்னாலும் பீஸ்ல கோடு வுயும். அப்பால புது டைய ஏத்தி, நாலு பக்கமும் போல்ட்ட சமமா டைட் பண்ணணும். ஒரு பக்கம் அதிகம் பண்ணா பூட்ச்சி. மொத பீஸ கையில எட்த்து வெளிச்சத்துல சாய்ச்சிப் பாக்கணும். சத்தத்துலயே தெரியும் சார் சரியா ஒக்காந்துச்சா இல்லியான்னு."

அவன் கைகள் காற்றில் போல்ட்டை முறுக்கின. நம்பிராஜன் வேகமாக எழுதினார். எழிலரசி அதைக் கவனித்தாள். ஆனாலும் அவளால் கோதண்டத்தின் மேலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கல்யாணமான புதிதில் ராத்திரிச் சோறு சாப்பிடும்போது இப்படித்தான் பேசுவான்.

"இப்ப அந்த வேலைய செய்ய முடியுமா?"

"தாராளமா சார். வர்ற திங்கக்கெயம போறேன்."

"இன்னைக்கு இங்க எப்படி வந்தீங்க?"

"கம்பெனி பஸ்லதான் சார்."

"பொண்ணு என்ன படிக்கறா?"

"மூணாங் கிளாஸு."

கனிஷ்கா ஆறாவது படித்துக்கொண்டிருந்தாள். நீதிபதி மனுவை ஒரு தடவை புரட்டினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சரி. இப்ப கொஞ்ச முன்னாடி, இதே கூண்டுல நின்னு உங்க மனைவி என்ன சொன்னாங்க?"

கோதண்டம் திரும்பி எழிலரசியைப் பார்த்தான். தெரியக் கூடாது, சாமி, தெரியக் கூடாது என்று தனக்குள் வேண்டிக்கொண்டிருப்பதை அந்தக் கணத்தில் அவளே கண்டுபிடித்தாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றான் கோதண்டம்.

நீதிபதி அதைக் குறித்துக்கொண்டார். நம்பிராஜன் பேனாவை மூடினார். வராந்தாவில் வசுதா எழிலரசியின் கையைப் பிடித்து, "அந்தக் கடைசி பதில் ஒண்ணு போதும்மா" என்றாள். எழிலரசிக்கு நிம்மதியாக இருந்தது. அது தெரிந்தபோது அவளுக்கு அவளையே பிடிக்கவில்லை.

தீர்ப்பு கார்த்திகையில் வந்தது. மனு ஏறக்குறைய கேட்டபடியே அனுமதிக்கப்பட்டது. பணம் கோதண்டத்தின் பேரில் பேங்கில் இருக்கும், மாசா மாசம் வட்டியை மனைவி எடுத்துக்கொள்ளலாம். வசுதா தீர்ப்பில் ஓரிடத்தைத் தமிழில் படித்துச் சொன்னாள். சில நிமிடங்களுக்கு முன் தன் மனைவி சொன்னதைக்கூட நினைவில் வைக்க இயலாதவர். வாழ்நாள் முழுவதும் துணை தேவைப்படுபவர்.

"அப்ப முடிஞ்சிதா மேடம்? இனிமே வெளிய வுடலாமா?"

"அவங்க அப்பீல் போக தொண்ணூறு நாள் டைம் இருக்கு. போனா மறுபடியும் ஆள் வச்சுப் பார்ப்பாங்க. அதுவரைக்கும் இப்படியே இருக்கட்டுமே."

வீட்டுக்கு வந்து தாழ்ப்பாளைத் திறந்து உள்ளே நுழைந்தாள். மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஷீட்டின் மேல் இரைச்சல். கோதண்டம் டி.வி.யை நிறுத்திவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். ஏழு மாசத்தில் அவன் முகம் வெளுத்து ஊதியிருந்தது. கதவைக் குத்துவதை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தான். நாலு மணி ஆனாலும் இப்போதெல்லாம் எழுந்திருப்பதில்லை.

"கேஸு ஜெயிச்சிட்டம்யா," என்றாள்.

"இன்னா கேஸு?"

"ஒன் கேஸுதான்."

அவன் முகம் மாறியது. "எம்மேல கேஸா? யாரு போட்டது?"

"ஒம்மேல இல்லய்யா, ஒனக்காக. நான்தான் போட்டேன்."

"நீயா?" கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தான். "ஆமா. நீதான மேல ஏறி நின்னு சொன்ன."

எழிலரசி ஈரத் தலையைத் துவட்டுவதை நிறுத்தினாள். "இன்னா சொன்னேன்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. சத்தமா சொன்ன. எல்லாரும் இருந்தாங்க." சுவரைப் பார்த்துக்கொண்டு, கோபமில்லாமல் சொன்னான். "அப்பால அந்தப் பெரியவரு என்னிய கூப்ட்டு, ஒன் பொண்டாட்டி இன்னா சொல்லிச்சின்னு கேட்டாரு. நீ சொன்னதத்தான் சொன்னேன். சரியாத்தான சொன்னேன்?"

அவள் துண்டைப் பிடித்தபடி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஆவணியிலிருந்து கார்த்திகை வரைக்கும், மூன்று மாசத்துக்கு மேல், காலையில் தின்ற இட்லி மதியம் நினைவில்லாத மனுஷன் இதை வைத்திருந்திருக்கிறான். நீதிபதி கேட்ட கேள்விக்கு அந்தக் கோர்ட்டிலேயே சரியான பதிலையும் சொல்லியிருக்கிறான்.

"சரியாத்தான்யா சொன்ன," என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டு, மறுபடியும் ஜன்னலுக்குத் திரும்பினான்.

புதுசு ஒன்று அவனுக்குள் தங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் அவன் கண் திறந்த நாளிலிருந்து அவள் காத்திருந்தது இந்த ஒரு சேதிக்குத்தான். எதிர்வீட்டில் ஆட்டோ வந்து நிற்கிற சத்தம் கேட்டது. யாக்கோபு தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு ஓடி வந்து, "இன்னா தங்கச்சி, இன்னா ஆச்சி?" என்றான்.

"ஜெயிச்சிட்டம்ணா," என்றாள் எழிலரசி.

"மச்சான் எப்டிகிறான்?"

அவள் கோதண்டத்தின் முதுகைப் பார்த்தாள்.

"அப்டியேதாண்ணா கீறாரு," என்றாள்.